முருகனுக்கு எதற்கு செகண்ட் கியர்?

கோபம் வந்தால் நான் லேத்தை நிறுத்திவிடுவேன். சாமானைக் கவ்விச் சுழலும் சக்குக்குப் பக்கத்தில் கோபத்தோடு கையைக் கொண்டுபோனால் கை மிஞ்சாது. அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம், என் பட்டறையில் லேத் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். அத்தனைக்கும் காரணம் ஒரு முழங்கை நீளப் பித்தளை லாரி.

என் பட்டறை செண்பகனூரில் ரோட்டோரமாக இருந்தது. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு உலை, நான். காபிப் பழம் உரிக்கும் மெஷினுக்கு ஷாஃப்ட், டவுன் பஸ்ஸுக்கு புஷ், பங்களாக்களின் தண்ணீர் பம்புக்கு வால்வு என்று தேய்ந்ததும் உடைந்ததும் என்னிடம் வரும். பிறந்து வளர்ந்தது பழனி அடிவாரம் என்பதால், முருகன் பெயரைச் சொல்லி யாராவது வேலை கொண்டுவந்தால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பலவீனம் பண்ணைக்காட்டு லாரி முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

அவரிடம் இருந்தது ஒரே லாரி. மூக்கு நீண்ட பழைய பெட்ரோல் வண்டி. பண்ணைக்காட்டிலிருந்து மலை வாழைத்தாரும் காபி மூட்டையும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்கும். அதை ஓட்டியவன் என் சிநேகிதன். வண்டியில் எந்தச் சத்தம் மாறினாலும் என் பட்டறை வாசலில் நிறுத்தி, "அண்ணே, கொஞ்சம் காது குடுங்க" என்பான். நான் பானெட்டுக்குள் தலையை விடுவேன். சத்தம் எங்கே என்று இருவரும் சண்டை போடுவோம். பெரும்பாலும் அவன் சொன்ன இடத்தில்தான் இருக்கும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், வாழைத்தார் ஏற்றி, தார்களின் மேல் இரண்டு லோடுமேன்களும் உட்கார்ந்திருக்க, மலைரோட்டில் இறங்கும்போது பிரேக் குழாய் வெடித்துவிட்டது. மிதித்த பெடல் தரையோடு போய்விட்டது. கைப்பிரேக் அந்த வண்டியில் அழகுக்கு இருந்தது. எதிரே வளைவு. வளைவுக்கு அப்பால் ஒன்றும் இல்லை, ஆகாயம்தான். அவன் தேர்டிலிருந்து செகண்டுக்கு கியரை அடித்து இறக்கி, வண்டியை மலைப்பக்கம் ஒடித்து, முன்சக்கரத்தை ஓரத்து வாய்க்காலில் விட்டு, பாறையோடு பாறையாக உரசவிட்டு நிறுத்திவிட்டான். தார்கள் ரோடு முழுக்கச் சிதறின. லோடுமேன்கள் தார்களின் மேலேயே விழுந்து, சிராய்ப்போடு எழுந்து நின்றார்கள். அவனுக்கு மட்டும் வலது கட்டைவிரல் ஒடிந்தது.

முதலாளி ஜீப் பிடித்து இறங்கி வந்தபோது அங்கே பெரிய கூட்டம். மேலே போகிற பஸ்ஸும் கீழே போகிற பஸ்ஸும் நின்றிருந்தன. என் சிநேகிதன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து துண்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தானாம். எப்படி நின்னுச்சு என்று முதலாளி கேட்டிருக்கிறார். "நான் என்னங்க செஞ்சேன்? பிரேக்கு விட்டுப் போச்சு. முருகான்னேன். அவந்தாங்க புடிச்சு நிறுத்துனான்" என்று சொல்லியிருக்கிறான்.

அந்த இடத்தில் நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். பிள்ளை பரீட்சையில் பாஸ் செய்தால் ஆண்டவன் புண்ணியம். வெள்ளாமை நன்றாக விளைந்தால் அவன் கொடுத்தது. நான்தான் செய்தேன் என்று சொல்கிறவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்போம். கண்பட்டுவிடும் என்று பயப்படுவோம். அதனால் செய்தவன் செய்யவில்லை என்கிறான்; கேட்கிறவன், செய்தது இந்த ஆள்தான் என்று மனசுக்குள் எடுத்துக்கொள்கிறான். இது நமக்குள் இருக்கிற ஏற்பாடு. ஒருத்தர் மட்டும் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

முதலாளி எடுத்துக்கொண்டார். அந்த இடத்திலேயே பழனி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டு, இந்த லாரி மாதிரியே ஒரு லாரி செய்து உன் காலடியில் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வண்டி ரிப்பேர் ஆகி வந்ததும் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். கட்டு அவிழ்த்து, விரல் சேர்ந்து, வேலைக்கு வந்து நின்றவனிடம், "நீதானப்பா சொன்ன, நீ நிறுத்தலன்னு? நீ வண்டிய விட்டுட்ட, அவன் புடிச்சான். விட்டவன் கையில மறுபடி எப்படிக் குடுக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். இவனும் திரும்பி வந்துவிட்டான். மலைரோட்டில் கையை விட்ட டிரைவர் என்று பேர் பரவினால் கோடைமலையில் எந்த முதலாளியும் சேர்க்க மாட்டார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். மனைவி எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போனாள். இவன் சந்தையில் மூட்டை தூக்கினான்.

இத்தனையும் நடந்த பிறகுதான் முதலாளி பட்டறைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்து கிடக்கிற தரையில் வெறுங்காலோடு நின்று, லேத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மேஸ்திரி, அச்சு அசல் என் வண்டி மாதிரியே இருக்கணும். பழைய பித்தளை கூடாது. மதுரையிலேருந்து புதுசா வரவச்சிருக்கேன். முடியிற வரைக்கும் கறி மீனு தொடாதீங்க. வெள்ளனே குளிச்சிட்டுத்தான் சோலியத் தொடங்கணும்."

மார்கழியில் செண்பகனூரில் விடிகாலையில் குளித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் அருமை தெரியும். மாலை போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை, அந்த மட்டில் விட்டார். மறுக்கவில்லை நான். முருகனுக்கு வேண்டிக்கொண்ட பொருள் என்பது ஒரு காரணம். இந்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டால், அவர் பட்டறைக்கு வந்துபோகும் சாக்கில் என் சிநேகிதன் விஷயத்தைப் பேசலாம் என்பது இன்னொன்று.

பித்தளை வேலை தனி வேலை. இரும்புக்குத் தீட்டுவதுபோல டூலின் மேல்முகத்தைச் சரித்துத் தீட்டினால், பித்தளை அதைத் தன் பக்கம் இழுத்துக் கடிக்கும்; கண் மூடித் திறப்பதற்குள் சாமான் பாழ். மேல்முகம் தட்டையாக இருக்க வேண்டும். முதல் வாரம் முழுக்கச் சின்னச் சின்ன டூல்களாகத் தீட்டினேன். தடித்த பித்தளைக் கம்பியை சக்கில் பிடித்து ஒவ்வொரு சக்கரமாகக் கடைந்து வெட்டினேன். பின்னால் ஜோடிச் சக்கரம், முன்னால் ஒற்றை. டயரின் வரிக்கு நர்லிங் உருளையை விளிம்பில் வைத்து அழுத்தினேன். கருவிகளின் கைப்பிடி வழுக்காமல் இருக்கப் போடுவோமே, அந்தச் சொரசொரப்பு. சக்கரத்தைத் திருப்பிப் பிடித்து உள்பக்கம் கடையும்போது சக்கின் தாடை அந்த வரியை நசுக்கிவிடும் என்பதால், செப்புத் தகட்டில் பிளந்த வளையம் ஒன்று செய்து அதற்குள் வைத்துப் பிடித்தேன். ஆக்ஸில், ஹப், கடுகு மாதிரி நட்டுகள். மூக்கைத் தகட்டில் தட்டி எடுத்தேன். முன் கம்பித்தட்டியை அரத்தால் ராவினேன்.

ஸ்டீரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நான் அதையும் செய்தேன். கம்பியை வளையமாக வளைத்து, நடுவில் மூன்று ஆரம் பற்ற வைத்து, கீழே ஒரு சின்னத் தண்டும் கையும் கொடுத்து இணைத்தேன். விரல் நுனியால் திருப்பினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து திரும்பின. எனக்கே சிரிப்பு வந்தது. என் கையால் செய்ததில் இது போல ஒன்று அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. முருகன் வந்து என் லேத்தில் நின்று கடையவில்லை. தண்ணீரில் நடுங்கிக்கொண்டே குளித்துவிட்டு வந்து நான்தான் கடைந்தேன்.

எல்லாம் முடிந்ததும் மிச்சக் கம்பியில் ஒரு ஆளைக் கடைந்தேன். தலை ஒரு உருண்டை, உடம்பு ஒரு உருளை, கைகளுக்குக் கம்பி. சீட்டில் உட்காரவைத்து, இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் பற்ற வைத்தேன்.

முதலாளி வந்தார். லாரியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பொய் இல்லை, உண்மையாகவே கலங்கியது. சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். குனிந்து உள்ளே பார்த்ததும் முகம் மாறியது.

"சீட்டுல ஆளு எதுக்கு, மேஸ்திரி?"

"லாரின்னா டிரைவர் இருக்க வேண்டாமாங்க?"

"அன்னைக்கு ஓட்டுனது யாருன்னு ஊருக்கே தெரியும். எடுத்துருங்க. சீட்டு காலியா இருக்கட்டும். அது முருகன் உக்காந்த எடம்."

லேத் அப்போது ஓடவில்லை. ஓடியிருந்தால் நிறுத்தியிருப்பேன். மூலைக்குப் போய், பழைய இரும்புக் குவியலிலிருந்து அவர் வண்டியின் செகண்ட் கியரை எடுத்துவந்து முன்னால் வைத்தேன். ரிப்பேரின்போது அதை மாற்றிப் புதுசு போட்டது நான்தான். பற்களின் முனையெல்லாம் உளியால் கொத்தினதுபோல இருந்தது. ஒரு பல் பாதிக்குமேல் இல்லை. பாய்ந்து ஓடுகிற வண்டியில், அடங்காத கியரை, ஒருத்தன் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே திணித்தால்தான் இப்படி ஆகும்.

"இதைப் பாருங்க மொதலாளி. முருகன் கையிலே வேல் இருக்கு. மலையையே பொளக்கிறவருக்கு எதுக்குங்க செகண்ட் கியரு?"

அவர் கியரைப் பார்த்தார். ஒடிந்த பல்லைத் தடவினார். நான் விடவில்லை. "அவன் வெரலு ஏன் ஒடிஞ்சது தெரியுமா? சக்கரம் வாய்க்கால்ல விழுந்தா ஸ்டீரிங்கு திருப்பி அடிக்கும். கைய எடுத்திருந்தா ஒடிஞ்சிருக்காது. விடாமப் புடிச்சதுனாலதான் ஒடிஞ்சது. விட்டவன்னு நீங்க சொல்றது யாரை?"

"நீங்க சொல்றது சரிதான்" என்றார் நிதானமாக. "அவன் கையிதான். நான் இல்லங்கல. அந்தக் கைக்குள்ள புகுந்து கியரைப் போட வச்சது யாரு?"

"அப்போ சாமி புகுந்த கையை நீங்க கும்பிட்டுல்ல வச்சுக்கணும்? சந்தையில மூட்டை தூக்க விட்டிருக்கீங்க."

"புகுந்தவன் எப்பவும் புகுவானா, மேஸ்திரி? அடுத்த வாட்டி புகலேன்னா?"

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். சம்பளத்தை மிச்சம் பிடிக்கவோ, வேண்டிய ஆளைச் சேர்க்கவோ இப்படிச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். மனுஷன் உள்ளபடியே நம்பினார். நம்பிக்கொண்டே ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டார். அவர் நல்லவராக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் விடாமல் பேசியதில் அவரும் கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. கிருத்திகைக்கு லாரியைக் கொண்டு போறேன். நீங்களும் வாங்க, அவனையும் கூட்டிட்டு வாங்க. சந்நிதி முன்னால நின்னு, நாந்தான் நிறுத்துனேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சாமி முன்னால எவனும் பொய் சொல்ல மாட்டான். சொன்னான்னா அங்கேயே சாவியக் குடுத்துர்றேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பித்தளை ஆளைப் பற்ற வைத்த இடத்தில் சூடுகாட்டி அன்றே சந்தோஷமாக எடுத்துவிட்டேன். நிஜ ஆள் நிஜ சீட்டில் உட்காரப் போகிறபோது பொம்மை எதற்கு?

சிநேகிதனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சட்டையைத் துவைத்துப் போட்டாள். அவன் மட்டும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். "ஒரே வார்த்தை" என்றேன். "பொய்யுமில்லை. நடந்ததைச் சொல்லு. நாந்தான் நிறுத்துனேன். அவ்வளவுதான்." "சரிண்ணே" என்றான். அந்தச் சரியை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அப்போது கோடையிலிருந்து பழனிக்குப் போக வத்தலக்குண்டு இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். முதலாளி மஞ்சள் வேட்டி கட்டி, லாரியைப் பட்டுத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு படியேறினார். கண்ட ஜனங்களெல்லாம் துணியை விலக்கிப் பார்த்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் நின்று நிதானமாகக் கதை சொன்னார். கதையில் டிரைவர் வரவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த டிரைவர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தான். எனக்கு மூச்சிரைத்தது படியால் மட்டும் இல்லை.

மேலே குருக்கள் லாரியை வாங்கிக் கொண்டுபோய் முருகன் முன்னால் வைத்துத் தீபம் காட்டினார். வெளிச்சத்தில் சக்கரங்கள் மினுங்கின. ஜன்னல் வழியே காலி சீட்டு தெரிந்தது. முதலாளி விபூதி பூசிக்கொண்டு இவன் பக்கம் திரும்பினார். மடியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"சொல்லப்பா. அவன் பாத்துக்கிட்டிருக்கான். வண்டிய நிறுத்துனது நீயா, அவனா?"

இவன் சாவியைப் பார்த்தான். சந்நிதியைப் பார்த்தான். நான் அவன் முதுகில் விரலால் குத்தினேன்.

"அவந்தாங்க" என்றான்.

முதலாளி சாவியை மடியில் முடிந்துகொண்டார். என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோலத் தலையாட்டினார். அதில் ஏளனம் கொஞ்சமும் இல்லை. இவன் தோளில் தட்டி, பிரசாதத்தில் பாதியை இவன் கையில் கொடுத்தார்.

படி இறங்கும்போது நான் அவனைத் திட்டிய திட்டை அந்த மலையில் அதுவரை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். உன் பொண்டாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாளே, அவளிடம் என்ன சொல்வாய் என்றேன். உனக்காக மார்கழிக் குளிரில் குளித்தேனே என்றேன். வாய் இருந்தும் ஊமை என்றேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தவன் ஒரு மண்டபத்தருகே நின்றான்.

"அண்ணே, கோவப்படாதீங்க. நாந்தான் நிறுத்துனேன். எனக்குத் தெரியாதா? கிளச்ச மிதிச்சது, கியரைப் போட்டது, எல்லாம் இப்பவும் காலுலயும் கையிலயும் அப்படியே கெடக்கு. ஆனா அவன் மொகத்துக்கு நேரா நின்னு, நீ இல்ல, நாந்தான்னு சொல்லிப்புட்டு, அந்தச் சாவிய வாங்கிக்கிட்டு, மறுநாளு நான் எப்படிண்ணே மலை எறங்குவேன்?"

கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. முதலாளிமேலா, இவன்மேலா, இந்த இரண்டு பேரையும் இப்படிப் பேசவும் இப்படிக் கேட்கவும் பழக்கி வைத்த நம் எல்லோர்மேலுமா? மேலே இருக்கிறவர்மேல் காட்டலாம் என்றால், அவர் பாவம், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

முதலாளி உறவினர் வீட்டில் தங்கிவிட்டார். நாங்கள் இருவரும் வத்தலக்குண்டு வந்து கோடை பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நான். மலை ஏறி அந்த வளைவுக்கு வந்ததும் பஸ் வேகம் குறைந்து நின்றது. உரசின பாறையில் யாரோ சுண்ணாம்பு அடித்து, ஒரு வேல் நட்டு, மாலை போட்டிருந்தார்கள். போகும்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை. கண்டக்டர் இறங்கிச் சூடம் ஏற்றிவிட்டு வந்து, புதிதாக ஏறின ஆட்களுக்காகக் குரலை உயர்த்தினார்.

"இந்த எடந்தாங்க. லோடு லாரி, பிரேக்கு போயிருச்சு. டிரைவரு கதவைத் தொறந்து குதிச்சு ஓடிட்டான். ஆளில்லாம வந்த வண்டிய முருகன் இந்தப் பாறையில புடிச்சு நிறுத்திட்டாரு."

பஸ்ஸே கையெடுத்துக் கும்பிட்டது. நான் எழுந்துவிட்டேன். சொல்லத்தான் எழுந்தேன். இவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். ஆனால் அவனால் அதைப் பொறுக்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சந்நிதியில் வராத குரல் இப்போது வந்தது.

"குதிக்கலங்க" என்றான் கண்டக்டரிடம். "டிரைவரு குதிக்கல. உள்ளதான் இருந்தாரு."

கண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா?"

பஸ் முழுக்க எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அவன் ஜன்னல் வழியே மாலை போட்ட அந்த வேலை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"இல்லீங்க" என்றான். "கேள்விப்பட்டேன்."